முதலில் வாயனசாலை, பிறகு பதிவறை

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு பக்கத்தில் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடும் இளைஞர்கள் என்னைப் பார்க்க வந்தால், "எந்த ஸ்டூடியோவில் ஆல்பம் பதிவு செய்யலாம் அண்ணா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். "இந்தப் பாட்டை இதுவரை எத்தனை இடத்தில் பாடியிருக்கிறாய்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். வீட்டு மாடி என்றோ, நண்பர்கள் நாலு பேர் என்றோ பதில் வரும்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். அம்மா குறிச் சீட்டு சேர்ந்து எடுத்துக் கொடுத்த பணம் முழுவதையும் ஒரு நகரத்துப் பதிவறையில் செலவழித்து ஆறு பாட்டு பதிவு செய்தேன். அதற்குப் பிறகுதான் எங்கள் ஊர் நூலகமான வாயனசாலையில் அவற்றை முதல்முறையாக மக்கள் முன் பாடினேன். மூன்றாவது பாட்டின் இரண்டாவது சரணம் வந்தபோது முன்வரிசைக் குழந்தைகள் எழுந்து விளையாடப் போய்விட்டார்கள். அந்தச் சரணம் தேவையே இல்லை என்று அந்த நிமிடமே புரிந்துவிட்டது. நாலாவது பாட்டின் சுருதியை அரைக் கட்டை இறக்கியிருந்தால் குரல் பிசிறியிருக்காது. இரண்டையும் திருத்த வழியில்லை. பதிவும் முடிந்திருந்தது, பணமும் தீர்ந்திருந்தது. ஆகவே நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் சிறிய இடங்களில் பாடுங்கள். பாட்டு பழுத்த பிறகு பதிவு செய்யுங்கள். பதிவை எடுத்துக்கொண்டு அதே இடங்களுக்குத் திரும்பப் போங்கள்.

ஏழு பாட்டு, சரியான கட்டை

முதல் ஆல்பத்திற்கு ஏழு பாட்டு போதும். நடுநடுவே இரண்டு வார்த்தை பேசிப் பாடினால் முக்கால் மணி நேரம் நிறையும். சிறிய இடத்தில் அதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதியை நின்றுகொண்டு முடிவு செய்யுங்கள். வீட்டில் உட்கார்ந்து பாடும்போது எளிதாக எட்டும் மேல் பஞ்சமம், திறந்த வெளியில், ஏழாவது பாட்டாக, காற்றுக்கு எதிரே நிற்கும்போது எட்டாது. சந்தேகம் வந்தால் அரைக் கட்டை இறக்குங்கள். நம் பக்கத்தில் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் கட்டைக் கணக்கில் பேசுவார்கள், கித்தார்க்காரர் ஆங்கில எழுத்தில் பேசுவார். ஒரு கட்டை என்றால் சி, இரண்டு என்றால் டி, ஐந்து என்றால் ஜி, ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். இதை ஒரு தாளில் எழுதிப் பாட்டு வரிசையோடு எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் மேடையில் குழப்பம் வராது.

வரிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பேச்சில் மலையாளம் கலந்திருக்கிறதே என்று கூச்சப்பட்டு வேறு ஊர்த் தமிழில் பாட்டு எழுதாதீர்கள். பாலக்காட்டுப் பகவதி கோயில் கூத்துமாடங்களில் தோல்பாவைக்கூத்து நடத்தும் புலவர்கள் கம்பனின் பாடல்களைத் தமிழிலேயே பாடி, இரண்டு மொழியும் கலந்த பேச்சில் பொருள் விரிக்கிறார்கள். கண்ணியார்களி என்னும் நாட்டுப்புற ஆட்டத்தின் பாட்டுகளிலும் தமிழ் விரவி வருகிறது. இந்த மண்ணின் காதுக்குக் கலப்பு புதிதல்ல. உங்கள் பாட்டி சொன்ன சொல்லை அப்படியே வையுங்கள்.

முதல் பத்து இடங்கள்

கேரளத்தில் பிறந்த பாடகருக்கு வாய்த்த பெரிய கொடை வாயனசாலை. 1945இல் பி.என்.பணிக்கர் திருவிதாங்கூரில் தொடங்கிய நூலக இயக்கம் பிறகு கேரளம் முழுக்கப் பரவியது. சிறிய ஊரிலும் ஓர் அறை, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு செயலாளர் என்று ஓர் அரங்கம் காத்திருக்கிறது. செயலாளர் பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆசிரியராக இருப்பார். ஊரே அவரை மாஷ் என்று கூப்பிடும். போனில் கேட்காதீர்கள். மாலையில் அவர் பத்திரிகை படிக்கும் நேரத்தில் நேரே போங்கள். "மாஷே, நான் இன்ன தெரு, இன்னார் மகன். சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடுகிறேன். ஒரு சாயங்காலம் இங்கே பாட இடம் தருவீர்களா?" என்று கேளுங்கள். அவர் கேட்கப்போவது மூன்றே விஷயம்: மைக் செலவு யாருடையது, எத்தனை மணிக்கு முடியும், பாட்டில் கட்சி அரசியல் உண்டா. மூன்றுக்கும் பதிலைத் தயாராக வைத்திருங்கள். இரண்டு தேதிகளைச் சொல்லி, எது வசதி என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

ஜூன் 19 பணிக்கரின் நினைவு நாள், கேரளத்தில் வாசிப்பு நாள். அதையொட்டிய நாட்களில் வாயனசாலைகள் நிகழ்ச்சி தேடிக்கொண்டிருக்கும். ஏப்ரல் கடைசியிலேயே போய்ப் பேசிவிட்டால் ஒரே பருவத்தில் மூன்று நாலு இடம் கிடைத்துவிடும். மழைக்காலம் என்பதால் கூரை ஓடா தகரமா என்று முதலில் பாருங்கள். தகரக் கூரையில் மழை இறங்கினால் எந்த மைக்கும் உதவாது.

வாயனசாலைக்கு அடுத்து எனக்குப் பிடித்தது வீட்டுக் கச்சேரி. யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து, இருபத்தைந்து பேர் உட்கார்ந்து, மைக்கே இல்லாமல் பாடுவது. பாட்டில் எந்த வார்த்தை கேட்பவர் மனத்தில் இறங்குகிறது, எது நழுவுகிறது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். முதலமடையில் மாம்பழப் பருவம் தொடங்கும் முன் ஒரு தோப்பில் அப்படிப் பாடினேன். கேட்டவர்களில் பாதிப் பேர் தோப்பில் வேலை செய்பவர்கள். ஒரு பெரியம்மா பாட்டு முடிந்ததும், "அந்த நாலாவது அடியை இன்னொரு தடவை சொல், சாமி" என்றார். அந்த அடிதான் இன்று ஆல்பத்தில் பல்லவியாக நிற்கிறது.

பள்ளி ஆண்டு விழா, பஞ்சாயத்துச் சமூகக்கூடம், தேவாலயத் திருநாள், பாலக்காட்டிலும் கோவையிலும் உள்ள காபிக் கடைகள் என்று மற்ற இடங்களும் உண்டு. காபிக் கடையில் கேட்பவர்கள் சாப்பிட வந்தவர்கள். அங்கே புதிய பாட்டைச் சோதிக்காதீர்கள், நன்றாகப் பழகிய பாட்டையே பாடுங்கள். பாலக்காட்டுக் கோட்டையை ஒட்டிய ராப்பாடி திறந்தவெளி அரங்கம் பெரிய ஆசை. பத்து சிறிய இடம் முடிந்த பிறகு அதை நினைக்கலாம்.

நாள் குறிக்கும்போது ஊர்க் காலண்டரைப் பாருங்கள். நவம்பரில் கல்பாத்தித் தேரும் அதையொட்டிய சங்கீத உற்சவமும் நடக்கும் நாட்களில் போட்டிக்கு நிற்காதீர்கள், போய்க் கேளுங்கள். செம்பை வைத்தியநாத பாகவதரும் பாலக்காடு மணி ஐயரும் வளர்ந்த மாவட்டத்தில் கேள்வி ஞானம் இலவசமாகவே கிடைக்கிறது. மாசி முதல் சித்திரை வரை வேலை (வேலா) எனப்படும் கோயில் திருவிழாக்கள். ஏப்ரல் தொடக்கத்தில் நெம்மாறை வல்லங்கி வேலை. செண்டையும் வாணவெடியும் முழங்கும் இரவில் உங்கள் கித்தார் யாருக்கும் கேட்காது. சித்தூர்க் கொங்கன்படையும் அந்தப் பருவத்தில்தான் வரும். கொங்குப் படையைத் துரத்திய கதையை ஊர் கூடிக் கொண்டாடும் அந்த விழாவைத் தமிழ் பேசும் நாங்களும் வருடம் தவறாமல் பார்க்கிறோம். எல்லையைப் பற்றிப் பாட்டு எழுத நினைப்பவர் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும்.

ஒலிபெருக்கி வைப்பதானால் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இடத்துக்காரரின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி நூறு மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கலாம். ஒன்பதரைக்கே முடித்துவிடுங்கள், அக்கம்பக்கத்தார் அடுத்த முறையும் சம்மதிப்பார்கள். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம். கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமை உண்டு. கூடவே ஒரு மலையாளப் பிரதி வைத்தால் வேலை விரைவாக நடக்கும்.

சம்பளம் பேசத் தயங்காதீர்கள். வாயனசாலையில் பணம் கேட்க முடியாது என்றால், வண்டிக்கூலியும் மைக் செலவும் போதும் என்று முன்பே சொல்லிவிட்டு, வாசலில் ஓர் உண்டியலும் பணம் அனுப்பும் க்யூஆர் அட்டையும் வையுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். அடுத்த பாட்டைக் கேட்க விரும்புபவர்கள் பெயரும் போன் எண்ணும் எழுதிவிட்டுப் போகட்டும். பத்து இடத்தில் பாடியபோது எனக்கு இருநூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் சேர்ந்திருந்தன. ஆல்பம் வந்தபோது முதலில் வாங்கியவர்கள் அவர்கள்தாம்.

ஒவ்வொரு நிகழ்ச்சியையும் போனில் பதிவு செய்து மறுநாளே கேளுங்கள். இருமல் எங்கே வந்தது, பேச்சு எங்கே தொடங்கியது, எந்த இடத்தில் அசைவே இல்லை என்று எழுதி வையுங்கள். தொடர்ந்து மூன்று இடத்தில் ஒரே அடியில் சலசலப்பு வந்தால் அந்த அடியை மாற்றுங்கள்.

மைக் செட்டுக்காரரோடு

நிகழ்ச்சி நன்றாக அமைவதில் பாதி மைக் செட்டுக்காரர் கையில் இருக்கிறது. அவர் ஊர்க் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் செட் போட்டுப் பழகியவர். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், பெட்டி தூக்கி இறக்கக் கை கொடுங்கள். பெயர் கேளுங்கள், டீ வாங்கிக் கொடுங்கள். பிறகு நீங்கள் கேட்பதை அவர் மனம் வைத்துச் செய்வார்.

ஒலிபெருக்கிப் பெட்டிகள் உங்களுக்கு முன்னால், கேட்பவர் பக்கம் பார்த்து நிற்க வேண்டும். மைக்குக்குப் பின்னால் வைத்தால் கூவும். கூவினால் உடனே ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்தாதீர்கள், பொத்தினால் இன்னும் கூவும். குரலில் எதிரொலி வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கோயில் நிகழ்ச்சிகளில் அது பழக்கம், ஆனால் உங்கள் வார்த்தைகளை அது விழுங்கிவிடும். கித்தாரை நேரே செருகுவதாக இருந்தால், அதன் ஒலியை மைக் செட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிஐ பெட்டி ஒன்று சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிறிய செட்டில் அது பெரும்பாலும் இருக்காது.

மிருதங்கமோ மத்தளமோ உடன் வந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்றில் தோல் இறுகிச் சுருதி ஏறும். ஆனி, ஆடி ஈரத்தில் இறங்கும். நிகழ்ச்சிக்கு அரை மணி முன்பு வாத்தியத்தை உறையிலிருந்து எடுத்து மேடைக் காற்றில் வைத்துப் பிறகு சேர்க்க வேண்டும். தோல் வாத்தியத்தில் கோளாறு என்றால் வெகுதூரம் போக வேண்டாம். பாலக்காட்டுக்குப் பக்கத்துப் பெருவெம்பில் தலைமுறை தலைமுறையாக மத்தளமும் மிருதங்கமும் செண்டையும் செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. பாலக்காட்டு மத்தளத்திற்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஒரு நாள் அந்தத் தெருவில் உட்கார்ந்து தோல் கட்டுவதைப் பாருங்கள், உங்கள் தாளக்காரரோடு பேசும் பேச்சே மாறிவிடும்.

காகிதத்தில் எழுத வேண்டியவை

பதிவுக்கு முன் இதை முடித்துவிடுங்கள். வரி யாருடையது, மெட்டு யாருடையது, வருமானத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். நண்பர்கள்தானே என்று விடக்கூடாது. நட்பு நிலைக்க வேண்டும் என்பதற்காகவே எழுதச் சொல்கிறேன்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் வரிக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை வேறு, ஒலிப்பதிவுக்கு உள்ள உரிமை வேறு. முதலாவது ஆசிரியரின் ஆயுளோடு இன்னும் 60 ஆண்டு நீடிக்கும். இரண்டாவது வெளியான பிறகு 60 ஆண்டு நீடிக்கும். அதற்கு உரியவர் பதிவைத் தயாரித்தவர். வளைகுடாவில் இருக்கும் மாமா அன்போடு பதிவுச் செலவை ஏற்றுக்கொண்டால், அது அன்பளிப்பா, கடனா, தயாரிப்பா என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். அரசிடம் பதிந்தால்தான் உரிமை வரும் என்பதில்லை, பாட்டு உருவானபோதே வந்துவிடுகிறது. சான்று வேண்டுமென்றால் பதிப்புரிமை அலுவலகத்தில் பாட்டுக்கு 500 ரூபாயும் ஒலிப்பதிவுக்கு 2000 ரூபாயும் கட்டிப் பதியலாம்.

பிறர் பாட்டை ஆல்பத்தில் சேர்க்காதீர்கள். சட்டப்படி உரிமம் பெற்றுப் புதிதாகப் பாடலாம் என்றாலும், மூலப் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும், குறைந்தது 50,000 பிரதிக்கான தொகையும் கட்ட வேண்டும். நம் கைக்கு அது எட்டாது.

நாட்டுப்பாட்டு விஷயத்தில் சட்டத்தைவிட ஒரு படி மேலே நடந்துகொள்ளுங்கள். நாற்று நடும் பாட்டை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் பெயரும் ஊரும் ஆல்பத்தில் வர வேண்டும். வருமானத்தில் அவருக்கும் பங்கு போக வேண்டும். அந்தப் பாட்டைக் காப்பாற்றி வைத்தவர் அவர்.

பதிவு

நகரத்துப் பதிவறைக்குப் போவதானால், ஒவ்வொரு வாத்தியத்தின் தனித்தனிக் கோப்பும் உங்கள் வன்தட்டில் வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். என் முதல் பதிவில் கலந்து முடித்த கோப்பை மட்டும் வாங்கிக்கொண்டேன். ஒரு வருடம் கழித்துக் கேட்டபோது அவர்களுடைய தட்டு கெட்டுப்போயிருந்தது. ஆறு பாட்டின் தனிக் குரல் பதிவும் அதோடு போயிற்று. இன்றைக்கும் அதை நினைத்தால் வலிக்கிறது. இப்போது மூன்று பிரதி எடுக்கிறேன், மூன்றாவது என் தங்கை வீட்டில் இருக்கிறது.

குரலும் இரண்டு மூன்று வாத்தியமும் என்றால் வீட்டிலேயே நன்றாகப் பதிவு செய்யலாம். இரண்டு மைக் செருகும் ஒலி இடைமுகப் பெட்டி, ஒரு கண்டென்சர் மைக், ஒரு டைனமிக் மைக், காதை மூடும் ஹெட்போன், ஒரு கணினி. கண்டென்சருக்கு 48 வோல்ட் மின்சாரம் அந்தப் பெட்டியிலிருந்தே போகும். மென்பொருளுக்கு ரீப்பர் போதும், 60 நாள் கட்டணமின்றிப் பழகிப் பார்க்கலாம். பதிவின் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். அளவுமானி உச்சத்தில் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் பாடுங்கள். தாண்டிச் சிவப்பில் முட்டிய குரலைப் பிறகு யாராலும் மீட்க முடியாது.

கருவியைவிட அறைதான் முக்கியம். நான் கண்டுபிடித்த சிறந்த பதிவறை, நெல் மூட்டை அடுக்கிய அறை. சுவரோரம் ஆள் உயரத்திற்கு மூட்டை இருந்தால் எதிரொலி அடங்கிவிடும், குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல விழும். கன்னி மாத (புரட்டாசி) அறுவடை முடிந்து மூட்டைகள் லாரி ஏறுவதற்கு முன் கிடைக்கும் சில நாட்களில் என் இரண்டாவது ஆல்பத்தின் குரல் முழுவதையும் அப்படித்தான் பதிவு செய்தேன். நெல் இல்லையென்றால் பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து, கம்பளியைக் கொடியில் தொங்கவிடுங்கள். மின்விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் நிறுத்துங்கள். விடியலில் மோட்டாரும் வண்டியும், மாலையில் கோயில் ஒலிபெருக்கியும் குறுக்கிடும். இரவு பதினொன்று முதல் மூன்று வரைதான் நம் ஊர் உண்மையில் அமைதியாக இருக்கிறது. காற்றுக் காலத்தில் ஜன்னல் இடுக்குகளில் துணி செருகுங்கள்.

வாயிலிருந்து மைக் ஒரு சாண் தூரம், நடுவே ஒரு மெல்லிய துணித் திரை. கித்தாருக்கு ஒலித்துளைக்கு நேரே வைத்தால் குமுறும். கழுத்து உடலோடு சேரும் இடத்தைப் பார்த்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மிருதங்கத்திற்கு ஒரே மைக் இருந்தால் வலக்கை வாசிக்கும் வலந்தலைப் பக்கம் சற்றே உயரத்தில் வைத்து, இடப்பக்கத் தொப்பியின் ஒலியும் சேர்கிறதா என்று கேட்டு நகர்த்துங்கள். பாடும் முன் அறையின் வெறும் அமைதியை அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். பின்னால் வெட்டி ஒட்டும் இடத்தில் அது உதவும்.

தனித்தனியாகப் பதிவு செய்வதா, சேர்ந்தா? பத்து மேடையில் ஒன்றாக வாசித்தவர்கள் என்றால் சேர்ந்தே வாசியுங்கள். ஒருவர் மூச்சை ஒருவர் பார்த்துத் தாளம் தளர்வதும் இறுகுவதும் பாட்டின் உயிர். ஒரு பாட்டை ஒரே இரவில் ஐந்து தடவைக்கு மேல் பாடாதீர்கள். ஆறாவது தடவையில் சுருதி நிற்கும், உணர்ச்சி போய்விடும்.

பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவாகச் சேர்க்கும் கலவை வேலையை முடிந்தால் வேறொருவரிடம் கொடுங்கள். நூறு தடவை கேட்ட காது தன் குரலை மட்டுமே தேடும். முடிந்ததும் காரில், மலிவான போனில், டீக்கடைப் பெட்டியில் கேளுங்கள். போனில் வார்த்தை புரியவில்லையென்றால் கலவை முடியவில்லை. இறுதி ஒலி அளவு, காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பை அளக்கும் எல்யூஎஃப்எஸ் அலகில் மைனஸ் 14 அளவில் இருந்தால் போதும். ஸ்பாட்டிஃபை பொதுவாகப் பாட்டுகளை அந்த அளவுக்குக் கொண்டுவருகிறது.

வெளியிடும் வாரம்

இணையத் தளங்களுக்கு விநியோக நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். ஆண்டுக் கட்டணமா, வருமானத்தில் பங்கா, கட்டணம் நின்றால் பாட்டு நீக்கப்படுமா என்று படித்துப் பாருங்கள். நாலு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். அட்டைப்படம் 3000 பிக்சல் சதுரம். ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும் 12 எழுத்துள்ள ஐஎஸ்ஆர்சி எண் கிடைக்கும், எழுதி வையுங்கள். பாட்டின் பெயரைத் தமிழிலேயே கொடுத்து, மொழி தமிழ் என்று குறியுங்கள். வரியும் மெட்டும் உங்களுடையது என்றால் பாட்டு எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரிமைத்தொகை வசூலித்துத் தரும், 1969 முதல் இயங்கும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதியுங்கள்.

அங்கிருந்து பெரிய பணம் வரும் என்று நம்பி உட்காராதீர்கள். ஸ்பாட்டிஃபையில் பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்பட்ட பாட்டுக்குத்தான் வருமானமே தொடங்குகிறது. எங்களுக்குப் பணம் வந்தது பாட்டுப் புத்தகத்தில். கோயில் விழாவில் விற்பதுபோல முப்பத்திரண்டு பக்கச் சிறு புத்தகம், கடைசிப் பக்கத்தில் ஆல்பத்தைக் கேட்க க்யூஆர் கட்டம். இதில் ஒரு வேலை கட்டாயம் செய்யுங்கள்: இடப்பக்கம் தமிழ் எழுத்து, வலப்பக்கம் அதே தமிழ் வரிகள் மலையாள எழுத்தில். நம் பக்கத்தில் தமிழ் கேட்டுப் புரிந்து, வாசிக்கத் தெரியாதவர்கள் ஏராளம். நம் தமிழ்க் குழந்தைகளிலேயே மலையாளப் பள்ளியில் படித்தவர்கள் அப்படித்தான். அந்த வலப்பக்கத்தால் அவர்கள் உடன் பாடினார்கள். காரில் கேட்பவர்களுக்கு இருபது பென் டிரைவும் வைத்திருங்கள்.

வெளியீட்டை முதன்முதலில் பாடிய வாயனசாலையிலேயே வையுங்கள். நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதியவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிடுங்கள். பாட்டுப் புத்தகத்தின் முதல் பிரதியை மாஷின் கையில் கொடுத்தால், அவர் அதைப் பதிவேட்டில் ஏற்றி, ஓர் எண் எழுதி, அலமாரியில் வைப்பார். அங்கிருந்து கிளம்பும் முன் அடுத்த நிகழ்ச்சிக்கு இரண்டு தேதி சொல்லிவிட்டு வாருங்கள்.